ஜெப வாழ்க்கையை அரிக்கும் சத்தமில்லாத சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக ஒரு சிறிய ஜெபக்குழுவை நடத்தி வருகிறேன். கொலை, களவு, விபசாரம் பற்றி அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. அதெல்லாம் தவறு என்று எல்லாருக்கும் தெரியும். கேட்பதெல்லாம் வேறு மாதிரி இருக்கும். "என்ன ஆச்சு என்றே தெரியவில்லை, வேதம் வாசிப்பது நின்றுபோனது." "முன்பு மாதிரி ஜெபிக்கப் பிடிக்கவில்லை." அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும், அன்று சொல்லாமல் விட்டு பிறகு யோசித்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நுட்பமான சோதனை என்றால் என்ன? சாதாரண சோதனைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண சோதனை கெட்டதைச் செய்யச் சொல்லும். நுட்பமான சோதனை நல்லதைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லும், அவ்வளவுதான். அதனால்தான் நமக்கு உறைப்பதில்லை.

வனாந்தரத்தில் இயேசுவுக்கு வந்த முதல் சோதனையைப் பாருங்கள் (மத்தேயு 4). கல்லுகளை அப்பமாக்கச் சொன்னான் பிசாசு. நாற்பது நாள் உபவாசம் இருந்து பசித்திருப்பவர் அப்பம் சாப்பிடுவதில் என்ன பாவம்? எந்தக் கட்டளையும் அதைத் தடுக்கவில்லை. அப்பத்தில் குற்றம் இல்லை. யாருடைய பேச்சைக் கேட்டு, எதற்காக, எந்த நேரத்தில் என்பதில்தான் கண்ணி இருந்தது.

ஓசியா 7:9-ல் ஒரு வரி வரும். எப்பிராயீமின் (அதாவது இஸ்ரவேல் ஜனத்தின்) தலையில் நரை தெளித்திருக்கிறது, அவனுக்கோ அது தெரியவில்லை என்கிறார் தீர்க்கதரிசி. நரை ஒரே ராத்திரியில் வருவதில்லை. காதோரம் ஒன்று, வகிட்டில் இரண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர் நமக்கு முன்னாலேயே பார்த்துவிடுவார். ஆவிக்குரிய ஒழுங்கு தளர்வதும் இப்படித்தான். எபிரெயர் 2:1 கேட்டவைகளை விட்டு விலகாதபடிக்கு என்று எச்சரிக்கிற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லும் மெல்ல நழுவிப் போவதைத்தான் குறிக்கிறது. கயிறு கட்டாத படகு கரையை விட்டு நகர்வதற்குப் புயல் எதுவும் தேவையில்லை.

சோதனை வந்தாலே பாவமா?

இல்லை. இயேசுவுக்கே வந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பரீட்சிப்பதற்கும் பாவத்துக்கு இழுப்பதற்கும் ஒரே சொல்தான். தமிழிலும் 'சோதனை' என்ற சொல் இரண்டையும் சுமக்கிறது. கர்த்தருடைய ஜெபத்தைச் சிலர் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று சொல்லி வளர்ந்தோம், சிலர் "சோதனையில் விழ விடாதேயும்" என்று சொல்லி வளர்ந்தோம். இரண்டாவது வாக்கியம் வருவதையும் விழுவதையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. எண்ணம் கதவைத் தட்டும். அதற்கு நாற்காலி எடுத்துப் போடுவது நம் கையில் இருக்கிறது.

ஜெபிக்க உட்கார்ந்தால்தான் எல்லா வேலையும் ஞாபகம் வருகிறது. ஏன்?

எனக்கும் அப்படித்தான். விடியற்காலை ஐந்தரை மணி, வீடு அமைதியாக இருக்கிறது. வேதத்தைத் திறந்து வைத்துக் கண்ணை மூடுகிறேன். உடனே, பால் அடுப்பை அணைத்தோமா? போய்ப் பார்க்கிறேன், அணைத்திருக்கிறது. திரும்ப உட்கார்ந்தால் நேற்று பதில் அனுப்பாத ஒரு கடிதம். அது போனதும், போன வருடம் ஒருவர் சொன்ன ஒரு சொல்லுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், அதுவும் திருத்தமான நடையில்.

ஒரு காலத்தில் இதற்காக என்னையே கடிந்துகொள்வேன். பிறகு வேதத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைக்க ஆரம்பித்தேன். எது வந்தாலும் ஒரு வார்த்தையில் குறித்துவிட்டுத் தொடருவேன். ஒரு வாரம் கழித்து அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. "செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அந்தச் செருப்பு அறுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு தரமும் அவசரமாகத் தோன்றாத செருப்பு, முழங்கால் போட்ட அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் அவசரமாகிவிட்டது. அவசரம் என்று வருவதில் பாதிக்கு மேல் இந்தச் செருப்பு ரகம்தான்.

இது நம் கைப்பேசிக் காலத்து வியாதி என்று சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுமார் 1,600 வருடங்களுக்கு முன்னால் அகுஸ்தீனார் இதையேதான் சொல்லிப் புலம்பியிருக்கிறார். வயல் பக்கம் போகும்போது நாய் ஒன்று முயலைத் துரத்தினால், ஆழ்ந்த யோசனையிலிருந்தும் மனம் அதன் பின்னால் ஓடிவிடுகிறதாம். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பல்லி ஈயைப் பிடிப்பதையும் சிலந்தி வலையில் ஈ சிக்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறாராம். அவர் அப்போது ஒரு சபைக்கே மேய்ப்பர்.

மனம் அலைவது பாவமில்லை. அலைந்த மனதைத் திரும்பக் கூட்டிவருவதும் ஜெபத்தின் ஒரு பகுதிதான். "இப்படி அலைகிற மனதோடு ஜெபித்து என்ன பிரயோஜனம், எழுந்திரு" என்று அடுத்து ஒரு குரல் வரும். சோதனை அந்தக் குரல்தான்.

இன்றைக்கு விட்டதை நாளைக்குச் சேர்த்துச் செய்துகொள்ளலாமா?

செய்ததுண்டா? நான் செய்ததில்லை. நாளைக்கு ஆறு அதிகாரம் வாசிப்பேன் என்று வைத்துக்கொண்டவன் நாளைக்கு ஆறையும் பார்த்து மலைத்து ஒன்றுமே வாசிக்க மாட்டான். விட்டதை விட்டதாகவே வைத்துவிட்டு இன்றைய பங்கிலிருந்து தொடங்குங்கள். மன்னா கூட அன்றன்றைக்குத்தான் கிடைத்தது.

மனமில்லாமல் ஜெபிப்பது மாய்மாலம் ஆகாதா? உணர்வு வரும்போது ஜெபிப்பதுதானே உண்மை?

இந்தக் கேள்வி நேர்மையான ஆட்களுக்குத்தான் வரும். அதனால்தான் இது ஆபத்தானது. பொய்யனிடம் போய் "நீ பொய்யாய் ஜெபிக்கிறாய்" என்று சொன்னால் அவன் கண்டுகொள்ளப்போவதில்லை.

மாய்மாலம் என்பது இல்லாததை இருப்பதாக மற்றவருக்குக் காட்டுவது. அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு "ஆண்டவரே, இன்றைக்கு எனக்கு உம்மிடம் பேசவே பிடிக்கவில்லை" என்று சொல்பவன் யாருக்கு என்ன காட்டுகிறான்? உள்ளதைச் சொல்கிறான். சங்கீதங்களில் பாதி இந்த ரகம்தான்.

16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி அவிலா தெரேசாவை ஜெபத்தைப் பற்றிப் பேசும் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த அம்மையார் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, பல வருடங்கள் ஜெப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காது கொடுத்துக் காத்திருந்ததை மறைக்காமல் சொல்கிறார். ஜெபத்தில் நிலைத்திருப்பதைவிட, மணி அடிக்காதா என்ற ஏக்கமே அப்போது அதிகமாக இருந்ததாம். ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு ஒரு நடைமுறை யோசனை இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரிடம் இருக்கிறது. அவருடைய தியானப் பயிற்சிக் கையேடு 1548-ல் ரோமில் அச்சானது. ஒரு மணி நேரம் ஜெபிப்பதாக வைத்திருக்கிறீர்கள், மனம் வறண்டு கிடக்கிறது, நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றினால் ஒரு மணிக்கு மேலும் கொஞ்சம் இருந்துவிட்டு எழுந்திருங்கள் என்கிறார். எனக்கு முதலில் இது வீம்பாகப்பட்டது. செய்து பார்த்த பிறகு புரிந்தது. பதினைந்து நிமிடத்தைப் பத்தாக்கச் சொல்லும் எண்ணத்துக்குப் பதிலாக ஒரு நிமிடம் கூட்டிக்கொடுத்தால் அந்த எண்ணம் அடிக்கடி வருவதில்லை. வந்தால் நஷ்டம் அதற்குத்தான்.

இன்னொன்றும் சொல்கிறார்: வறட்சியான நேரத்தில், நல்ல நேரத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதீர்கள். இருட்டில் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றி வைப்பதில்லையே, அது மாதிரி.

ஊழியத்திலேயே நேரம் போய்விடுகிறது. தனி ஜெபத்துக்கு நேரமில்லை. ஊழியமும் ஜெபம்தானே?

ஓரளவுக்கு ஆம். ஆனால் இதை என்னிடம் கேட்கிறவர்கள் யாரும் நிம்மதியான முகத்தோடு கேட்டதில்லை.

லூக்கா 10-ல் மார்த்தாள் செய்தது கெட்ட வேலை இல்லை, வந்தது இயேசுவாயிற்றே. அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கவனியுங்கள். "உமக்கு அக்கறை இல்லையா?" என்று ஆண்டவரிடமே கேட்கிறாள். கூடவே, என் சகோதரி எனக்கு உதவி செய்ய அவளுக்குச் சொல்லும் என்று அவருக்கே உத்தரவு போடுகிறாள். ஆண்டவருக்காகத் தொடங்கிய வேலை ஆண்டவர் மேலேயே எரிச்சலாக முடிகிறது. "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்கிறார் அவர். வேலை செய்கிறாய் என்று அவர் குறை சொல்லவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: உங்களோடு வேலை செய்கிறவர்களைப் பற்றி வீட்டில் என்ன பேசுகிறீர்கள்? "நான் ஒருத்தன் இல்லாவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது" என்ற வாக்கியம் வாரத்துக்கு இரண்டு தரம் வருகிறது என்றால் ஊழியத்தில் ஒன்றைக் குறையுங்கள். மொத்தக் கூட்டமும் தம்மைத் தேடிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் இயேசு வனாந்தரமான இடத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தார் (மாற்கு 1:35-37). தேடி வந்த சீஷர்கள் "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்றார்கள். அவர் அந்த ஊருக்குத் திரும்பாமல் அடுத்த ஊருக்குப் போனார்.

கைப்பேசியில்தான் வேதம் வாசிக்கிறேன். தவறா?

தவறில்லை. ஆனால் அதே திரையில் செய்திகளும் வந்து நிற்கும். நான் காகித வேதத்துக்குத் திரும்பியதற்குக் காரணம் பக்தி இல்லை, பலவீனம். உங்களால் முடிந்தால் கைப்பேசியிலேயே வாசியுங்கள், அறிவிப்புகளை அணைத்துவிட்டு.

வேதச் செயலிகளில் இன்னொரு சங்கதி உண்டு. "தொடர்ந்து 112 நாள் வாசித்திருக்கிறீர்கள்" என்று ஒரு எண் காட்டும். ஊக்கமாகத்தான் இருக்கும். ஒரு ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அந்த எண் அறுந்துவிடக் கூடாதே என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஒரு சங்கீதத்தை விரலால் தள்ளித் தள்ளி முடித்தேன். எந்தச் சங்கீதம் என்று மறுநாள் காலையில் ஞாபகமில்லை. எண் மட்டும் ஞாபகமிருந்தது, 113. அன்றைக்கே அந்த எண்ணைத் திரையில் தெரியாமல் அணைத்துவிட்டேன்.

ஆவிக்குரிய பெருமை எனக்குள் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்ற சோதனைகளுக்கு நம் தோல்வி தேவை. இதற்கு நம் வெற்றி போதும். ஜெபித்து முடித்து எழும்போதுதான் வந்து நிற்கும்.

5-ஆம் நூற்றாண்டில் எழுதிய யோவான் காசியன், எகிப்தின் வனாந்தரத்துத் துறவிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறார். வீண்புகழ் ஆசையை அந்த மூத்தவர்கள் வெங்காயத்துக்கு ஒப்பிடுவார்களாம். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று. நல்ல உடை உடுத்திப் பெருமைப்படாதவன் எளிய உடை உடுத்திப் பெருமைப்படுவான். நீண்ட ஜெபம் செய்து பெருமைப்படாதவன் "நான் எல்லாம் சுருக்கமாகத்தான் ஜெபிப்பேன்" என்பதில் பெருமைப்படுவான். பெருமையைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதுகிறேனே என்று எனக்கே இப்போது ஒரு தோல் கண்ணில் படுகிறது.

சில இடங்களில் அது கையும் களவுமாகப் பிடிபடும். குழு ஜெபத்தில் மற்றவர் ஜெபிக்கும்போது ஆமென் சொல்லிக்கொண்டே நம் முறைக்கு வார்த்தைகளைத் தயார் செய்வது. உபவாசம் என்று சொல்லாமல், ஆனால் எதிரில் இருப்பவர் கேட்டே ஆகவேண்டும் என்பது போலத் தட்டைத் தள்ளி வைப்பது. அப்புறம் ஜெபக்குறிப்பு. "அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், பாவம், விஷயம் தெரியுமா..." என்று தொடங்கினால் அது அநேகமாக புறணிதான், பின்னால் ஜெபம் ஒட்டியிருக்கும்.

லூக்கா 18-ல் வரும் பரிசேயன் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான், தசமபாகம் கொடுத்தான். அவனுடைய ஜெபத்தில் எத்தனை தரம் "நான்" வருகிறது, பக்கத்தில் நிற்பவன் எந்த இடத்தில் உள்ளே வருகிறான் என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். ஜெப நேரத்தில் கண் பக்கவாட்டில் போனால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

நிறையப் பிரசங்கம் கேட்கிறேன், நிறையப் புத்தகம் வாசிக்கிறேன். ஆனாலும் வளர்ச்சி இல்லை.

16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பிரசங்கக் காணொளி கிடையாது. ஆனாலும் அங்கே வாழ்ந்த துறவி சிலுவை யோவான் இதற்கு ஆவிக்குரிய பேராசை என்று பெயர் வைத்துவிட்டார். ஆலோசனைகளைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், புத்தகங்களைச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள், செய்ய வேண்டியதை மட்டும் செய்ய மாட்டார்கள் என்கிறார்.

மன்னிப்பைப் பற்றி நான்கு பிரசங்கம் கேட்டவர், ஒருவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதாமல் ஐந்தாவதைத் தேடுகிறார். கேட்கும்போது உள்ளம் உருகுகிறது, உருகியதே செய்ததுபோல ஆகிவிடுகிறது. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒருவரிடம், ஒரு மாதத்துக்குப் புதிதாக எதையும் கேட்க வேண்டாம், கடைசியாகக் கேட்டதில் ஒன்றை மட்டும் செய்யுங்கள் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே. உபவாசம் இருக்கச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக ஒத்துக்கொண்டிருப்பார்.

உபவாச நாளில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். அப்போது உபவாசம் வீணா?

உபவாசித்துக்கொண்டே சண்டை போடுகிறவர்களைக் கடிந்துகொள்ளும் ஏசாயா 58-ஐ வாசித்துவிட்டு அந்த நாளில் யாரிடம் சத்தம் போட்டீர்களோ அவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். பசி எரிச்சலை உண்டாக்கும்தான், ஆனால் மூடியிருந்ததையும் திறந்து காட்டுகிறது. சாப்பாட்டால் அமுக்கி வைத்திருந்தது என்ன என்று தெரிந்ததே, அந்த வகையில் வீணில்லை. உடல்நலம் இடம் கொடுக்காதவர்கள், மருந்து சாப்பிடுகிறவர்கள் உணவை விட வேண்டாம், வேறு எதையாவது விடுங்கள்.

வருடக்கணக்காக ஒழுங்காகச் செய்துவந்தேன். இப்போது ஒரு காரணமும் இல்லாமல் எல்லாமே அலுக்கிறது. இது என்ன?

இதற்கு மிகப் பழைய பெயர் ஒன்று உண்டு: அகேடியா. கிரேக்கச் சொல். அக்கறையற்றுப்போன நிலை என்று சொல்லலாம். சோம்பல் என்று சொன்னால் பாதிதான் சரி, ஏனென்றால் இது வந்தவர் சில சமயம் ஓடியாடி ஆயிரம் வேலை செய்வார்.

399-ல் இறந்த எவாகிரியுஸ் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்தவர். மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்தார். பிற்காலத்து ஏழு தலையான பாவங்களின் பட்டியலுக்கு மூலம் அதுதான். அந்த எட்டில் மிகவும் பாரமானது இந்த அலுப்பு என்கிறார். சங்கீதம் 91:6-ல் மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம் என்று வருகிறதே, அதோடு சேர்த்து இதற்கு நண்பகல் பேய் என்ற பெயரும் உண்டு.

அவருடைய வர்ணனையைப் படித்தால் யாரோ நம் அறைக்குள் ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போல இருக்கும். காலை பத்து மணி வாக்கில் ஆரம்பிக்கும். சூரியன் நகரவே நகராது, ஒரு நாளைக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். துறவி சன்னலைப் பார்ப்பான். வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று வெயிலை அளப்பான். யாராவது சகோதரன் பேச வருகிறானா என்று வழியைப் பார்ப்பான். அடுத்து எண்ணங்கள் வரிசையாக வரும். இந்த இடம் சரியில்லை, இங்கே அன்பே செத்துப்போனது, கஷ்டத்தில் ஒருவரும் ஆறுதல் சொல்வதில்லை. கடவுளை எங்கே இருந்தாலும் வணங்கலாமே, இங்கேயேதான் இருக்க வேண்டுமா? பிறகு வீட்டு ஞாபகம். கடைசியாக, இன்னும் எத்தனை வருடம் இப்படியே ஓட்டுவது?

"கடவுளை எங்கே இருந்தாலும் வணங்கலாம்" என்பதில் பொய் உண்டா? துளியும் இல்லை. சோதனை அப்படி ஒரு உண்மையின் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. "இந்தச் சபை சரியில்லை" என்று நாம் சொல்கிற நாட்களில் எத்தனை நாள் சபை உண்மையிலேயே சரியில்லாமல் இருந்தது, எத்தனை நாள் மத்தியான வெயில் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. சபை மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அலுப்பு உச்சத்தில் இருக்கும் வாரத்தில் மாறாதீர்கள்.

பழைய ஆட்கள் சொன்ன மருந்து சுவாரசியமே இல்லாதது. அறையை விட்டுப் போகாதே. கையில் இருக்கும் சின்ன வேலையை முடி. இன்றைய சங்கீதத்தைச் சொல். இதில் உணர்ச்சிகரமாக ஒன்றுமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அது சோதனையா, வெறும் உடல் சோர்வா, நோயா?

கேட்டது நல்லது. எல்லாவற்றையும் பிசாசின் தலையில் போடுவதும் ஒரு தப்பித்தல்தான்.

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு செத்தால் போதும் என்றபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் கொடுத்தான். ஓரேபில் ஆண்டவரோடு பேச்சுவார்த்தை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தூங்கி, சாப்பிட்டு, ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். சாகத் தோன்றினால் இன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஜெபம் பற்றாததால் வந்தது என்று யாராவது சொன்னால் அவரிடம் எலியாவின் கதையைச் சொல்லுங்கள்.

விழுந்துவிட்டேன். இந்த வாயோடு ஜெபிக்கவே கூசுகிறது. கொஞ்ச நாள் திருந்திவிட்டு வரலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

அவிலா தெரேசா ஒரு வருடத்துக்கும் மேலாகத் தனி ஜெபத்தை விட்டிருந்தார். சோம்பலால் இல்லை. தம்மைப் போன்ற ஒருத்தி ஜெபிப்பது துணிகரம், விலகியிருப்பதுதான் தாழ்மை என்று நினைத்தார். பின்னாளில் அதைத் தமக்கு வந்த பெரிய சோதனைகளில் ஒன்றாக, தாழ்மையின் வேஷம் போட்டு வந்த சோதனையாக எழுதினார்.

ஆதாமும் ஏவாளும் செய்த முதல் பாவத்தை விட அதற்குப் பிறகு அவர்கள் மரங்களுக்குள் ஒளிந்துகொண்டதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். கனியைத் தின்றது ஒரு நிமிட வேலை. ஒளிந்திருப்பது எவ்வளவு காலத்துக்கு வேண்டுமானாலும் நீளும். "திருந்திவிட்டு வருகிறேன்" என்பதும் ஒளிவதுதான். குளித்துவிட்டுத்தான் குளியலறைக்குள் போவேன் என்பது மாதிரி.

பேதுரு மூன்று தரம் மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கடற்கரையில் அவனுக்காகப் போட்டு வைத்திருந்ததும் கரிநெருப்புதான், அதன்மேல் மீன் (யோவான் 21:9). யோவான் அதை எதேச்சையாக எழுதினார் என்று எனக்குத் தோன்றவில்லை. படகிலிருந்து இறங்கி அந்த வாசனை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் போய் உட்கார்ந்தான். "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வி பிறகுதான் வந்தது, சாப்பாடு முதலில்.

விழுந்த அன்றைக்கே ஜெபியுங்கள். சரியான வார்த்தை கிடைக்காவிட்டால் லூக்கா 18-ல் ஆயக்காரன் சொன்ன ஒற்றை வரி போதும்: "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்."

வேத வசனமே சோதனையாக வருமா?

வரும். தேவாலயத்து உப்பரிகையில் பிசாசு சொன்னது 91-ஆம் சங்கீதம். வசனம் சரியானது, சொன்ன நோக்கம்தான் வேறு. "எனக்கு வேண்டியதைச் சொல்கிறது" என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வசனம் பிடித்திருந்தால் அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள்.

சரி, இவ்வளவு நல்ல வேஷத்தில் வந்தால் எப்படித்தான் அடையாளம் காண்பது?

முகத்தைப் பார்த்தால் தெரியாது. சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வான் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 11:14). இஞ்ஞாசியார் வாலைப் பார்க்கச் சொல்கிறார். ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கவனி, பாம்பின் வால் கடைசியில் தெரியும் என்கிறார். தொடக்கம் பக்தியாக இருக்கும். முடிவில் நீ முன்பு இருந்ததை விடக் கலக்கமாக, பலவீனமாக, சின்ன நன்மையோடு திருப்தியாக இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள். அடுத்த தரம் அதே முகம் வரும்போது வால் ஞாபகத்துக்கு வரும்.

இதற்கு இரவில் ஐந்து நிமிடம் போதும். நான் செய்வது இவ்வளவுதான். இன்றைக்கு எந்த இடத்தில் ஜெபத்தையோ அன்பையோ தள்ளி வைத்தேன்? அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் என்ன? அந்தக் காரணத்தை அப்படியே, அதே வார்த்தைகளில் எழுதிவிடுவேன். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், காரணங்கள் முப்பது இல்லை, நான்கு. அந்த நான்கும்தான் மாறி மாறிச் சட்டை போட்டு வருகின்றன. என்னுடையவற்றில் ஒன்று "முதலில் தலைவலி போகட்டும்." உங்களுடையது வேறாக இருக்கும்.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டுமா? வெட்கமாக இருக்கிறது.

சொல்லுங்கள். ஒருவரிடம் போதும், வாயை மூடி வைத்திருக்கத் தெரிந்த ஒருவரிடம். "இதை மட்டும் யாரிடமும் சொல்லாதே" என்று உள்ளே எது சொல்கிறதோ அதை முதலில் சொல்லுங்கள். நான் ஒருவரிடம் என் தலைவலிக் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலை ஐந்தரைக்கு "தலை எப்படி இருக்கிறது?" என்று மட்டும் செய்தி அனுப்பினார்.

ஜெபித்துக்கொண்டிருக்கும்போது குழந்தை அழுதால், விருந்தாளி வந்தால் என்ன செய்வது? அதுவும் சோதனையா?

எழுந்து போங்கள். குழந்தையைத் தூக்குங்கள்.

எகிப்தின் துறவிகள் விருந்தாளி வந்தால் அன்றைய உபவாசத்தை விட்டுவிட்டுக் கூட உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக் காசியனுக்கு ஆச்சரியம். ஏன் என்று ஒரு முதியவரிடம் கேட்டார். உபவாசம் எப்போதும் என்னோடு இருக்கிறது, உங்களையோ நான் சீக்கிரத்தில் அனுப்பிவிட வேண்டும் என்றாராம் அவர். கடும் உபவாசிகள் அவர்கள், நம்மை மாதிரி இல்லை.

உண்மையான அழைப்புக்கும் செருப்பு ரக அவசரத்துக்கும் எனக்குத் தெரிந்து ஒரு வித்தியாசம் உண்டு. குழந்தையைத் தூக்கித் தட்டிக்கொடுத்தபின் விட்ட இடத்துக்குத் திரும்பி வர முடிகிறது. சில நாள் குழந்தை தோளிலேயே தூங்கிவிடும், இறக்கிப் படுக்க வைத்தால் விழித்துக்கொள்ளும். அப்படியே நடந்துகொண்டு மீதி ஜெபத்தை முடித்திருக்கிறேன்.